அந்தக் கட்டம் காலியாக இருந்தது

தென்காசியில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கண் பரிசோதனைக்கான டிப்ளமோ முடித்துவிட்டு, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியைத் தயார் செய்கிறவர்களில் ஒருத்தியாகச் சேர்ந்தேன். சொட்டு மருந்து போடும் அறை என்னுடையது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. இமையை விலக்கி ஒரு சொட்டு விடுவதற்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று என் சித்தப்பாவே கேட்டிருக்கிறார்.

கண்ணின் உள்சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் கண் பாப்பாவை விரிக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சொட்டு; டைலேட் பண்ணுவது என்போம். போட்டதும் எரியும். அரை மணி நேரத்தில் பாப்பா அகலும். அப்புறம் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு இதோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் கண்ணின் முன்பக்கத்தில் இடம் குறுகலாக இருக்கும். அவர்களுக்குப் பாப்பா விரிந்தால், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற வழி அடைபட்டுவிடலாம். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். உடனே கவனிக்காவிட்டால் பார்வை போகும்.

யாருக்கு அப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து பேனா டார்ச்சைக் கண்ணுக்குக் குறுக்காக அடிக்க வேண்டும். இடம் உள்ள கண் முழுக்க வெளிச்சமாகும். குறுகலான கண்ணில் மூக்குப் பக்கத்துப் பாதி நிழலாகக் கிடக்கும். பத்து விநாடி போதும்.

எங்கள் மருத்துவமனையில் அந்தப் பத்து விநாடி அக்காவின் பொறுப்பு.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எனக்கு ஆறேழு வயது மூத்தவள், எனக்கு முன்பே அங்கே இருந்தவள். பார்வை அளக்கும் அறையில் கண்ணுக்குள் இருக்கும் பிரஷர் பார்ப்பது, டார்ச் அடித்துப் பார்ப்பது எல்லாம் அவள். அவளுக்கும் என்னைப் போலவே சுரண்டைதான் ஊர். காலை எட்டு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம். அவள் முந்தி ஏறினால் தன் பையை எனக்காக இருக்கையில் போட்டு வைத்திருப்பாள். மதியம் இரண்டு டப்பாவையும் திறந்து நடுவில் வைத்துத்தான் சாப்பிடுவோம். என் அம்மா ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பத்து நாளும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தது அவள்தான். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றபோது, நான் அழுதது அவள் தோளில்தான். அவளை நம்பலாமா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய ஆளாக அவள் எனக்கு இருக்கவில்லை.

நோயாளி உள்ளே வந்ததும் ஒரு சீட்டுக் கொடுப்போம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக வருவார். சீட்டில் கட்டங்கள் இருக்கும். பார்வைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, சொட்டுப் போட்ட நேரத்துக்கு ஒன்று. டார்ச் கட்டத்தில் அக்கா 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் நான் சொட்டுப் போட வேண்டும். போட்டதும் நேரத்தை எழுதி என் கையெழுத்தைப் போட வேண்டும். டாக்டர் பார்த்து முடித்ததும் சீட்டு ரெக்கார்டு அறைக்குப் போய்விடும். நோயாளி மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போவார். ஒழுங்கு இதுதான்.

ஆனால் கூட்ட நாளில் ஒழுங்கு நெகிழும். அக்கா தன் அறையிலிருந்தே, "பாத்தாச்சுட்டி, போடு" என்று குரல் கொடுப்பாள். நான் போட்டுவிடுவேன். சாயங்காலம் ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து விட்டுப்போன கட்டங்களை அவள் நிரப்புவாள். எத்தனையோ நாள் அப்படி நடந்திருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குச் சாரல் நாள். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கூடவே ஊரில் யார் யாருக்கோ கண் சிவந்து, எங்கள் வாசல் முழுக்க ஆள். பத்தரை மணிவாக்கில் ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஐந்தருவிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். சீசன் மும்முரமாக இருந்தும், கடையைப் பூட்டிவிட்டு மகளோடு வந்திருந்தார்.

"எம்மா, கிட்டத்துல உள்ளது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. எண்ணெ காஞ்சிருக்கா இல்லையான்னு பாக்க குனிஞ்சா, புகையா தெரியுது" என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சுகர் உண்டா, ரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டா, நெஞ்சுக் கோளாறு உண்டா, முன்னால் எப்போதாவது சொட்டுப் போட்டு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது கண் நீர் அழுத்தம் உண்டா.

"சுகரு பத்து வருசமா இருக்கு. மத்ததெல்லாம் இல்ல. எங்கம்மைக்கு வயசான காலத்துல ரெண்டு கண்ணும் தெரியாமப் போச்சு. என்ன ஏதுன்னு யாரு பாத்தா? வயசாச்சுன்னு விட்டுட்டோம்."

அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ இடித்தது. அவருடைய கண்ணாடியும் கனமாக, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி. அப்படிக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் சிறியதாக, முன்பக்கம் குறுகலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று படித்திருக்கிறேன். சீட்டைப் பார்த்தேன். பிரஷர் கட்டத்தில் எண் இருந்தது. அளவுக்குள்தான் இருந்தது. டார்ச் கட்டம் காலியாக இருந்தது.

கதவைத் திறந்து கேட்டேன். "யக்கா, இந்த அம்மாவுக்கு டார்ச் பாத்தாச்சா? கட்டத்துல ஒண்ணும் எழுதலையே."

அவள் இன்னொருவரின் கண்ணுக்கு எதிரில் லென்ஸைப் பிடித்திருந்தாள். திரும்பவில்லை. "பாத்தாச்சுட்டி, போடு. வெளிய எத்தன பேரு நிக்காவ பாரு."

என் கோட்டுப் பையிலேயே ஒரு பேனா டார்ச் இருந்தது. அதை எடுத்து நானே அடித்துப் பார்த்திருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் நான் என்னை மன்னிக்காத இடம் இதுதான். எடுக்கவில்லை. எடுத்தால் அக்காவின் வார்த்தையைச் சந்தேகப்படுவதாக ஆகும் என்று நினைத்தேனா, வெளியே நின்ற கூட்டத்துக்குப் பயந்தேனா, தெரியவில்லை. கையைக் கழுவினேன். அந்த அம்மாவைத் தலையைச் சாய்க்கச் சொல்லி, கீழிமையை இழுத்து, பாட்டிலின் நுனி படாமல் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டேன். மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பத்து நாற்பது என்று நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பக்கத்து வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

டாக்டர் பதினொன்றரைக்குப் பார்த்தார். சுகரால் உள்ளே பாதிப்பு இல்லை, ஆறு மாதம் கழித்து வாங்க என்றார். அந்த அம்மா கிளம்பும்போது கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, "சாயங்காலம் வரை மங்கலாத்தான் இருக்கும்மா, அடுப்புக்கிட்டப் போகாதீங்க" என்று சொன்னேன். இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். கண் கடுமையாக வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் திரும்பி வர வேண்டும். எல்லோரிடமும் அதைச் சொல்லுவேன். அன்றைக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றதால் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். முந்தின நாள் பொழுது சாயும்போதே வலது கண்ணில் குத்தல் தொடங்கி, தலை பாதி பிளக்கிற வலியாகி, வாந்தியும் எடுத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு பஸ்ஸில் போனதால் பித்தம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிந்தபோது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி மங்கிப்போய் இருந்தது. டாக்டர் மூடிய இமையின் மேல் விரலை வைத்து, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் ஓட்டம்தான். அழுத்தம் குறைக்க ஊசி, மாத்திரை, சொட்டு. வலி கொஞ்சம் அடங்கியதும், கண்ணில் நீருக்கு வழி திறந்துவிடும் லேசர் செய்ய அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வண்டி கிளம்பிய பிறகு டாக்டர் எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாவோட நேத்துச் சீட்டு எங்க?"

"நான் எடுத்துட்டு வாரேன் டாக்டர்" என்று அக்கா எழுந்து போனாள்.

ரெக்கார்டு அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவள் வருவதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. கூட்டத்தில் கலந்திருக்கும், தேடுகிறாள் என்று நினைத்தேன். உண்மையில் நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டாளே, டாக்டர் அவளைத் திட்டப்போகிறாரே என்று. பார்த்துவிட்டுத்தான் போடச் சொன்னாள், எழுதத்தான் மறந்துவிட்டாள் என்று அவளுக்காக நான் பேச வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானே டைலேட் பண்ணினே? இதைப் படிக்கலையா?"

சீட்டை என் பக்கம் திருப்பினார். டார்ச் கட்டத்தில் நீல மையில், எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்ந்த எழுத்தில் இருந்தது: 'ஆழம் குறைவு. டாக்டரிடம் கேட்காமல் டைலேட் செய்ய வேண்டாம்.' கீழே அக்காவின் கையெழுத்து.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய சீட்டோ என்று பேரைப் பார்த்தேன். பத்து நாற்பது என்று என் எழுத்து இருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காலியா இருந்துச்சு டாக்டர். நான் கேட்டேன். அக்காதான் போடச் சொன்னாவ."

"நான் அப்படிச் சொல்லல" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "கூட்டத்துல அவளுக்குத் தப்பாக் கேட்டிருக்கும். நான் எழுதித்தான் அனுப்புனேன்."

"நேத்து நீங்களும் இந்தச் சீட்டைப் பாத்துத்தானே டாக்டர் எழுதுனீங்க?" என்று கேட்டேன். "அப்ப இந்த எழுத்து இருந்துச்சா? இருந்திருந்தா நீங்களே கேட்டிருப்பீங்கள்லா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு கட்டமும் ஞாபகம் இருக்குமா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டைலேட் செய்யும் முன் தான் பார்க்கவில்லை என்பதும், பார்க்கும்போது கட்டத்தைக் கவனிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எழுதப்பட்டிருக்கும் கட்டம், காலிக் கட்டத்தைவிட அவருக்கும் வசதியாக இருந்தது. குற்றம் ஒரே ஆளோடு நின்றுவிடும்.

கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறேன் என்றார்.

பையை எடுக்கச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள்ளாகவே செய்தி போய்விட்டிருந்தது. எழுதியிருப்பதைப் படிக்காமல் சொட்டுப் போட்டுவிட்டாள், ஒரு அம்மாவின் கண் போச்சு. இதுதான் செய்தி. அன்றைக்குத் தனியாக பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் யாரோ முட்டைக்கோஸ் மூட்டையை வைத்தார்கள்.

வீட்டில் இருந்த நாட்களில் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எழுதியிருந்ததோ, நான்தான் பார்க்கவில்லையோ. அவள் குரல் என் காதில் தெளிவாக இருந்தது. ஆனாலும் அவள் பொய் சொல்வாள் என்பதைவிட எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நம்புவது சுலபமாக இருந்தது. அவள் போன் பண்ணுவாள் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை.

பத்து நாள் கழித்து, அந்த அம்மா வீடு திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு ஐந்தருவிக்குப் போனேன். சனிக்கிழமை. குளித்துவிட்டு ஈரத்துணியோடு போகிற கூட்டத்துக்குள் நுழைந்து வழி கேட்டுப் போனேன். இரண்டு பக்கமும் சிப்ஸ், நேந்திரம் பழம், மங்குஸ்தான் என்று கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நடுவில் அவருடைய கடை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பின்னால்தான் வீடு.

மகள் வாசலிலேயே மறித்தாள். "எதுக்கு இங்கன வந்தே? எங்கம்மைக்குக் கண்ண அவிச்சுட்டு, பாக்க வாரியாக்கும்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டா கண்ணு வந்துருமா?"

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "யாருட்டி அது? சொட்டுப் போட்ட பிள்ளையா? உள்ள வரச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண் நன்றாக இருந்தது. அதற்கும் முன்னெச்சரிக்கையாக லேசர் செய்திருந்தார்கள். வலது கண்ணில் நேராகப் பார்த்தால் ஆள் நிழலாட்டம் தெரிகிறது, ஓரம் தெரியவில்லை என்றார். என்னைப் பார்க்கத் தலையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"உண்மையச் சொல்லு. எனக்கு மருந்து ஆவாதுன்னு எழுதியிருந்துதாமே. அங்கன சொன்னாவ. பின்ன ஏன் போட்டே?"

"அம்மா, நான் போடும்போது அதுல ஒண்ணும் எழுதல. கேட்டேன். போடுன்னு சொன்னாவ, போட்டுட்டேன். ஆனா நானும் ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாத்திருக்கணும். கையில டார்ச் இருந்துச்சு. பாக்கல."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். அவளுடைய அண்ணன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ இருந்தான். அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவன் கேட்டதால், சொட்டுப் போட்டுவிட்டு டாக்டருக்காகக் காத்திருந்தபோது சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அவளும் அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பிரஷர் எண் இருந்தது. என் கையெழுத்தும் பத்து நாற்பதும் இருந்தன. டார்ச் கட்டம் வெள்ளையாக இருந்தது.

சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? எனக்கு அழுகை வந்தது. அதுவரை அவள் மறந்திருக்கலாம், குழம்பியிருக்கலாம் என்று ஒரு நூல் பிடித்து வைத்திருந்தேன். அது அறுந்துவிட்டது. ரெக்கார்டு அறையில் அந்தப் பத்து நிமிஷம் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள். 'சரி' என்று எழுதினாலும் மாட்டிக்கொள்வாள், காலியாக விட்டாலும் மாட்டிக்கொள்வாள் என்று யோசித்து, நான் மட்டும் மாட்டுகிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். டார்ச் அடித்திருந்தால் நிழல் தெரிந்திருக்கும், போடு என்று சொல்லியிருக்க மாட்டாள். அவள் டார்ச் அடிக்கவே இல்லை.

படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. முதலில் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாப்டியாட்டி?" என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்தது. நான் போனை நீட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"ஏன்க்கா?"

"எனக்கு வேற வழி தெரியலட்டி."

"நானும் தப்புப் பண்ணியிருக்கேன். ரெண்டு பேரும் சேந்து சொல்லியிருக்கலாம்லா?"

"உனக்கென்ன?" என்றாள். இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "நீ படிச்சிருக்கே. சர்டிபிகேட் வச்சிருக்கே. நாளைக்கே திருநெல்வேலில போயி நிண்ணாலும் வேல குடுப்பாவ. எனக்கு என்ன இருக்கு? பாத்துப் பாத்துப் பழகுன வேல. இங்கன இருந்து போச்சொன்னா எவன் சேப்பான்? ரெண்டு பிள்ளையள வச்சிருக்கேன். நீ ஒத்த ஆளு. தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்."

தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாளாம். என் அழுகையெல்லாம் அவளிடம்தானே கொட்டியிருக்கிறேன். எவ்வளவு தாங்குவேன் என்ற கணக்கு அவளுக்குத்தான் தெரியும். அதை வைத்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

"அந்தப் போட்டோவ யாருக்கும் காட்டாதட்டி" என்று என் கையைப் பிடித்தாள். "உங்கம்மைக்கு நான் செஞ்சத நெனச்சுப் பாரு."

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் செய்ததை நான் மறக்கவில்லை. அதை அவள் வாயால் சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "சரி, உன் மேல தப்பு இல்லைன்னு எனக்குப் புரியுது" என்றார். "நாளையிலிருந்து வேலைக்கு வா. ஆனா இதைப் பெரிசுபடுத்த வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன். வைத்தியம் எல்லாம் நம்ம பொறுப்பு. யாரோ ஒருத்தர் எழுத மறந்துட்டாங்கன்னு முடிச்சிடலாம்."

"எழுத மறக்கல டாக்டர். பாக்கவே இல்ல. நானும் பாக்கல. நீங்களும் கேக்கல."

நான் அந்த அம்மா வீட்டுக்கு மறுபடியும் போய், மகளும் இருக்கும்போது, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். என் பங்கையும் சேர்த்துத்தான். அண்ணன் போனில் கத்தினான். வழக்குப் போட வேண்டும் என்றான். அந்த அம்மாதான், "கண்ணக் காட்டிக்கிட்டு கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்ல. செய்ய வேண்டிய வைத்தியத்த அவுக ஒழுங்காச் செஞ்சாப் போதும்" என்றார். அது நடந்தது. மருத்துவமனையிலும், டார்ச் கட்டம் காலியாக இருந்தால் சொட்டு அறைக்குள் நோயாளியை விடக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் திரும்பிப் போகவில்லை. அக்கா அங்கேயேதான் இருந்தாள்.

பாவூர்சத்திரத்தில் ஒரு சின்ன கண் கிளினிக்கில் சேர்ந்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், டெம்போ ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். டிரைவர்களிடம் முதலில் வண்டிச் சாவியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுத்தான் சொட்டுப் போடுவேன். "என்ன தாயி, போலீஸ் மாதிரி பண்ணுதே" என்பார்கள். கூட யாரும் வரவில்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுவேன். ஒருவர் வீட்டில் யாருக்கோ வாங்கிய இந்தச் சொட்டு மருந்துப் பாட்டில் மிச்சம் இருக்கிறது, கண் சிவந்தால் அதையே போடலாமா என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்துவிட்டார். பஜ்ஜிக் கடை அம்மா செங்கோட்டையில் இருக்கும் தன் தங்கையை ஒரு நாள் கூட்டிவந்தார். அவருக்கும் முன்பக்கம் குறுகல். சொட்டே போடாமல் லேசருக்கு அனுப்பினோம். தங்கையின் கண் தப்பியது. அந்த அம்மாவும் தங்கையும் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"ஏட்டி, எங்கம்மைக்குக் கண்ணு மங்கலா இருக்குங்கா. டைலேட் பண்ணிப் பாக்கணும். நீ இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

"உங்க ஆஸ்பத்திரிலயே பாக்கலாமே."

"நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அவளுக்குத் தெரியும். சீட்டைப் படிக்காமல் கண்ணைக் கெடுத்தவள் என்று ஊரெல்லாம் நம்பும்படி விட்டுவிட்டு, தன் அம்மாவின் கண்ணை என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவு, வெறும் வயிற்றோடு கூட்டி வராதே என்று சொன்னேன்.

வந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்து கன்னத்தைத் தடவினார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன், எழுத வேண்டியதையெல்லாம் எழுதினேன். கண் முழுக்க வெளிச்சமாக இருந்தது. சொட்டுப் போட்டேன். வலி, வாந்தி, வளையம் என்று சொல்ல வேண்டியதை அக்காவிடமே, புதிதாக வந்த ஒருவரிடம் சொல்வது போல முழுதாகச் சொன்னேன். அவளும் ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏட்டி..." என்று தொடங்கினாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.